ரொட்டி மாஸ்டரும் வயரில்லாத் தட்டும்

ரொட்டி மாஸ்டரை யாரும் போனில் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை. அவரிடம் போன் இருந்தது. அதில் உயிர்தான் இருந்ததில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக மாவு பிசைகிற மனிதர். காது மடலில் மாவு, புருவத்தில் மாவு, சட்டைப் பையில் மாவு. போனில் வயர் செருகுகிற ஓட்டைக்கு மட்டும் விதிவிலக்கா கிடைக்கும்? அதற்குள்ளும் மாவு புகுந்து, ஈரம் பட்டு, இறுகி, கடுகளவு ரொட்டியாகவே வெந்திருந்தது. குச்சி விட்டு நோண்டினால் ஒரு நாள் சார்ஜ் ஏறும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

இதில் அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, கூப்பிட ஆளும் இல்லை. தேவைப்படுகிறவர்கள் பின்கதவைத் தட்டினால் போதும். மேசையில் மாவு பிசைந்துகொண்டிருப்பார், இல்லையென்றால் மாவு மூட்டைமேல் படுத்திருப்பார். கடை அக்காவுடையது. முன்னால் கல்லாவில் அக்கா, பின்னால் மேசையில் தம்பி, நடுவில் அடுப்பு. அடுப்பைக் கவனிப்பவரை எல்லோரும் அடுப்பண்ணன் என்பார்கள். அக்கா பல வருடம் தம்பிக்குப் பெண் தேடினாள். ஒவ்வொரு முறையும் தம்பி ஒரு காரணம் வைத்திருந்தார். ஒருமுறை, மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிப் பெண் வீட்டுக்கே போகவில்லை. "இவனுக்கு ஈஸ்ட்டைத்தான் கட்டி வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஓய்ந்துபோனாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் போன வருடம் கண் மங்கியது. எதைப் பார்த்தாலும் புகைமூட்டமாக இருக்கவே, நாலு தெரு தள்ளி இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே கண்ணைச் சோதிப்பது கடைக்காரம்மாவேதான். கணவர் தவறிப் பல வருடம் ஆகியிருந்தது. வெளியூரில் படிக்கிற ஒரே மகன். அந்தம்மா மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து மாட்டிவிட்டார்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடியிலதான் ஒரு கரண்டி மாவு இருந்துச்சு."

அதற்குப் பிறகு மாஸ்டருக்கு வாரம் தவறாமல் கண் மங்கியது. கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி போதும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அந்தம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் போவதும் துடைப்பதும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு நாள், புதிதாகத் துடைத்த கண்ணாடி தந்த தெளிவில், மாஸ்டர் கேட்டே விட்டார்.

அந்தம்மா கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்ககூடக் குடும்பம் நடத்துறது இருக்கட்டும். முதல்ல உங்ககூடப் பேச முடியுமா? இந்த மாசத்துல மூணு தடவ கூப்பிட்டேன். மூணு தடவையும் ஸ்விட்ச் ஆஃப். நாளைக்கு நான் எங்கயாவது மயங்கி விழுந்து கூப்பிட்டா, ரொட்டி வெந்ததும் வருவீங்களா?"

மாஸ்டர் தன் போனை நீட்டி ஓட்டையைக் காட்டினார். கண் சோதிக்கிற விளக்கை அடித்து அந்தம்மா உள்ளே பார்த்தார். மருத்துவர் உதட்டைப் பிதுக்குவது போலப் பிதுக்கினார். பிறகு தன் மேசையிலிருந்த வட்டமான ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்கு ஓட்டையே வேண்டாம். மேல வச்சாப் போதும், சார்ஜ் ஏறும். வயர் இல்லாத சார்ஜர்."

மாஸ்டர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். "வயர் இருக்கே."

"அது தட்டுக்கு. போனுக்கு இல்ல."

"அப்ப இருக்கு."

"இருக்கு, ஆனா இல்ல. கேளுங்க. நான் பையனைப் பாத்து விஷயத்தச் சொல்லப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் திரும்பி வர ரயில் ஏறுறதுக்கு முன்னாடி கூப்பிடுவேன். எடுத்தீங்கன்னா பதில் சொல்றேன். எடுக்கலன்னா அதுதான் பதில்."

மறுநாள் காலை, அக்கா பார்க்காத நேரமாகப் பார்த்து, மாஸ்டர் தட்டை மாவு மேசையின் மூலையில் வைத்தார். அக்காவிடம் மூச்சு விடவில்லை. பதில் 'முடியாது' என்று வந்தால் அக்கா அதை இன்னொரு பத்து வருடம் பேசுவாள்; வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

தட்டின் குணம் அரை மணியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. போனின் முதுகு படும்படி நடுவில் சரியாக வைத்தால்தான் ஏறும். ஒரு விரல் விலகினாலும் கோபித்துக்கொள்ளும். வயரில் ஏறுவதைவிட மெதுவாக ஏறும், அதிகமாகச் சூடாகும். வயரில் மாட்டியிருந்தாலாவது போனைக் கையில் எடுத்துப் பேசலாம். இதில் எடுத்தால் சார்ஜ் நின்றுபோகும். வயரில்லாத சார்ஜர் என்று பெயர், கட்டிப்போட்டதோ மேசையோடு. ஆனால் ஐந்து வருடத்தில் முதல் முறையாக, குச்சி விட்டு நோண்டாமலே போனில் பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பன்னுக்குச் சர்க்கரையை இரண்டு தடவை போட்டார். அன்று வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து இன்னும் நாலு கேட்டார்கள்.

சாயங்காலம் நெருங்கும்போது போனை எட்டிப் பார்த்தார். அது முகம் கவிழ்ந்து கிடந்தது. அள்ளி எடுத்துத் திருப்பினார். மூன்று சதவீதம்.

"இதை யாரு தொட்டது?"

அடுப்பண்ணன் நிதானமாக வந்தார். "நான்தான் மாஸ்டர். ஒரு பக்கமே சூடாகிட்டு இருந்துச்சு. பாதியில திருப்பிப் போட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தட்டின் மேல் எது சூடாகிக் கிடந்தாலும் பாதியில் திருப்பிப் போடுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஊரே அதனால்தான் இரண்டு பக்கமும் சிவந்த ரொட்டி சாப்பிட்டது.

"அண்ணே, இது ரொட்டியா?"

"தட்டுமேல இருந்துச்சே."

மாஸ்டர் போனை நடுவில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தார். விளக்கு எரிந்தது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், மறுநாளைய மாவில் முழங்கை வரை கையை விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். இங்கே தாழிக்குள்ளேயே இரண்டு கையும் மாட்டியிருந்த நேரத்தில் போன் அடித்தது.

அடித்ததோடு நிற்கவில்லை, நடக்கவும் ஆரம்பித்தது. மாவு தூவிய மேசை வழுக்க, போன் அதிர்ந்து அதிர்ந்து தட்டிலிருந்து இறங்கி ஊர்வலம் போனது. மாஸ்டர் பிசுபிசுத்த விரலால் தேய்த்தார்; போன் அந்த விரலை மதிக்கவில்லை. முழங்கையால் தேய்த்தார், அங்கும் மாவு. உடம்பில் மிச்சமிருந்த சுத்தமான இடம் மூக்கு நுனி ஒன்றுதான். குனிந்து, மூக்கால் தள்ளி எடுத்தார். மூக்காலேயே போனைத் தட்டுக்கு ஏற்றினார். அப்படியே காதை அதன்மேல் வைத்துப் படுத்துக்கொண்டார்.

"ஹலோ" என்றார் மேசையைப் பார்த்து.

"என்ன மாஸ்டர், கேக்கலையா? இருங்க" என்று அடுப்பண்ணன் அவர் தலையை மெல்ல ஒதுக்கி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"போன் ஆன்ல இருக்கே" என்றது கண்ணாடிக்காரம்மாவின் குரல், அடுப்படி முழுவதும் நிறைந்து. "அதிசயமா இருக்கு."

"தட்டுமேலதான் இருக்கு" என்றார் மாஸ்டர். அவர் கண் முன்பக்கக் கதவிலேயே இருந்தது. கதவில் அக்கா வந்து நின்றாள். யாரோ ஒரு பெண் தம்பியிடம் போனில் பேசுகிறாள் என்பதை அவள் காது நம்பவில்லை. கண்ணையும் உதவிக்கு அழைத்து வந்திருந்தாள்.

"பையன்கிட்டச் சொல்லிட்டேன். அவன் ரெண்டே கேள்விதான் கேட்டான். அவரு குறட்டை விடுவாரா?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், "விடுவான்" என்றாள், மேசைக்கே வந்துவிட்ட அக்கா.



"அது யாரு?" என்றது போன்.

"அவன் அக்காம்மா. மறைக்கக் கூடாது பாரு. நல்லா விடுவான். ஆனா ஒருக்களிச்சுப் படுத்தா நின்னுடும். ரெண்டாவது கேள்வி என்ன?"

"உங்களுக்கு விஷயம் தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டு இருக்கேன். நீ நிறுத்தாதம்மா, போன்ல ரெண்டு சதவீதம்தான் இருக்கு."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். ஏறுவதைவிட இறங்குவது வேகமாக இருந்தது. அடுப்பண்ணன் குனிந்து, உள்ளங்கைகளைப் போனின் இரண்டு பக்கமும் அணையாக வைத்து, அது நகராமல் காவல் இருந்தார்.

"ரெண்டாவது, அம்மாவை நல்லாப் பாத்துப்பாரான்னு கேட்டான். அதுக்கு நான்..." ஒரு ரயிலின் ஊதல் வந்து மீதியைத் தின்றுவிட்டது.

மூன்று பேரும் மேசைமேல் கவிழ்ந்தார்கள். அடுப்பில் எதுவோ கருகும் வாசனை வந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அடுப்பண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கேக்கல" என்றார் மாஸ்டர். "நீங்க என்ன சொன்னீங்க?"

"என் கண்ணாடியைவிட அவரு கண்ணாடியைத்தான் நான் ஒரு வருஷமாத் துடைச்சிட்டு இருக்கேன், இனி யார் யாரைப் பாத்துக்கிறதுன்னு நாங்க பேசிக்கிறோம்னு சொன்னேன். அவன் சிரிச்சான். போதுமா?"

"போதும்னா... சரியா?"

"சரிதான்."

மாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். மாவும் கூடவே உயர்ந்து, பாதி வழியில் அறுந்து, அக்காவின் தோளில் விழுந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு நல்ல வயரே வாங்கிக் குடுத்திருக்கலாமேம்மா" என்றாள் போனைப் பார்த்து. "இந்தத் தட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு ஏத்துது."

"வயர் எங்க செருகுறது அக்கா? அந்த ஓட்டையப் பாத்தீங்களா? சமயத்துக்கு எடுத்தாருல்ல, அந்த ஒரு சொட்டு போதும். வண்டி கிளம்புது. இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க."

"வர்றேன்" என்றார் மாஸ்டர். "போனை எடுத்துட்டு வரவா?"

"எடுத்தீங்கன்னா வாசல் தாண்டுறதுக்குள்ள செத்துடும். அது அங்கயே கிடக்கட்டும். நீங்க வாங்க."

மாஸ்டர் அப்படியே கதவை நோக்கி நடந்தார். அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல கையைக் கழுவுடா."