செலவில் சேராத லோர்னா

லோர்னா வான்டர்மீருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெமாயின் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வெகுகாலமாக மென்பொருள் எழுதுகிறாள். பாதி வேலை நின்றபடிதான். அவளுடைய குழுவைக் கலைத்து, வேலையை ருமேனியாவில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்த பிறகு தவிப்பு இன்னும் கூடிவிட்டது. விடிவதற்குள் எழுந்து, தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டியபடியே ருமேனியாக்காரர்களிடம் போனில் பேசுவாள். அயோவாவில் ஆலங்கட்டி மழை அடித்தால் கூரைக்கு எப்படி இழப்பீடு கணக்கிடுவது என்று முதலிலிருந்து விளக்குவாள். அவர்கள் எழுதி அனுப்பியதைச் சனி ஞாயிறில் சரிசெய்வாள்.

அன்று கூட்டத்தில் மேலாளர் கர்ட்டிஸ் திரையில் செலவுக் கணக்கைக் காட்டிப் பூரித்தார். "பாத்தீங்களா? சொந்த ஆளுங்கள வச்சிருந்தப்ப ஆனதுல பாதிகூட இல்ல!"

லோர்னா எழுந்து சுவரோரம் நடந்தாள். "இதுல என் நேரத்த எங்க போட்டிருக்கீங்க, கர்ட்டிஸ்?"

"உங்க நேரமா? நீங்க சம்பளக்காரங்க. எவ்வளவு நேரம் உழைச்சாலும் அதே சம்பளம்தான். மிச்சமெல்லாம் நமக்கு ஓசி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, எடுக்காமல் சேர்ந்துகிடந்த விடுமுறையை மொத்தமாக எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டாள்.

நான்காம் நாளே கர்ட்டிஸ் போன் செய்தார். "இங்க ஒண்ணும் நகரல, லோர்னா. அந்த ருமேனியாப் பசங்களுக்குச் சொல்லித்தர வெளியாள் ஒருத்தன விசாரிச்சேன். அவன் கேக்குற காசுல பழைய குழுவையே திரும்ப வச்சுக்கலாம் போல!"

"அதையும் அந்தத் திரையில போடுங்க," என்றாள் லோர்னா. போனை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.