இரண்டு மொட்டை டயர்கள்

என் தங்கை வீட்டுக்காரர் வாரத்தில் ஐந்து நாள் ரொட்டி வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வால்காரர். காரின் பின்பக்கத்தை வால் ஆட்டுவதுபோல ஆட்டிக் காட்டுவதால் வந்த பெயர். எனக்கு மாப்பிள்ளை. நான் டயர் கடை வைத்திருக்கிறேன். அவருடைய வித்தையில் பாதி என் கடையில் நடந்தது என்பதால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நடந்த தப்பிலும் பாதி என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரிடம் இருப்பது முன்சக்கரம் இழுக்கிற கார். அதை வைத்துக்கொண்டு பின்பக்கத்தைச் சறுக்க வைக்கிறேன் என்றால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே பின்பக்கம் விலகிக்கொண்டு போகும். இதில் பின்சக்கரத்துக்கு வேலையே கிடையாது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை மாதிரி சும்மா பின்னால் வரும். மாப்பிள்ளை அதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முன்னால் நல்ல டயர்கள். பின்னால் என் கடையில் கழித்துப் போட்ட மொட்டை டயர் இரண்டு, அதிலும் தரையில் பிடிப்பே இல்லாதபடி காற்றைக் கல்லாக ஏற்றி வைப்பார். வேகமாக வந்து ஸ்டியரிங்கை ஒடித்து, அதே நேரம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகும். அப்போது கைபிரேக்கை ஒரு இழுப்பு இழுத்தால் பின்பக்கம் சர்ரென்று சுற்றி வரும். மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்சக்கரம் இழுத்து நேராக்கிவிடும். காலை எடுத்தால் சுற்றும், மிதித்தால் நேராகும். வித்தை இவ்வளவுதான்.

மூடிக் கிடக்கிற சிமெண்டுக் கிடங்கின் முற்றத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஆட்டம் நடக்கும். பெரிய வண்டிக்காரர்கள் புகை கிளப்பிவிட்டுப் போனபிறகு கடைசியில் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் வண்டியில் புகை வந்தால் முன்னால்தான் வரும். அதைப் பார்த்து எவனாவது, சமையல் கருகுது என்று கத்துவான். இவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார். இருபத்திரண்டு வயதில் ஆசையோடு தொடங்கியது. நாற்பத்தாறு வயதில் ஆசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஏன் இன்னும் போகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். வரமாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே என்றார்.

என் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். பச்சைக் குழந்தைகள் வார்டு. ஆள் பற்றாக்குறை என்று ஒரு டியூட்டி முடிந்ததும் அடுத்ததையும் தலையில் கட்டிவிடுவார்கள். வீட்டில் இருக்கிற ஒரே கார் அதுதான், வாரநாட்களில் அவள்தான் அதில் வேலைக்குப் போவாள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் மாப்பிள்ளை நேராக என் கடைக்கு வந்துவிடுவார். நான் ஜாக்கி வைத்து மொட்டை டயர் இரண்டையும் கழற்றி, நல்ல சக்கரங்களை மாட்டிவிடுவேன். பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட இது தவறியதில்லை. பின்னால் மொட்டை டயரோடு மழையில் போனால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேரையும் விட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் தெருவில் கிடையாது. தெரிந்துதான் செய்தோம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அவர் வந்தபோது ஒரு லாரிக்கு ஆறு டயர் மாற்றி முடித்திருந்தேன். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. அவரும் காரை விட்டு இறங்கி அதன்மேலேயே சாய்ந்து நின்றார். கண் உள்ளே போயிருந்தது. ஜாக்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. குனிய யாருக்கும் மனசு வரவில்லை. நாளைக்கு அவளுக்கு எப்போது டியூட்டி என்று கேட்டேன். மத்தியானம் என்றார். திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை, கார் பன்னிரண்டு மணிவரை நகராது. அப்படியானால் காலையில் நானே சக்கரங்களோடு வீட்டுக்கு வந்து மாட்டிவிடுகிறேன், போய்ப் படுங்கள் என்றேன். காற்றையாவது இறக்கி அனுப்பியிருக்கலாம். அதற்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குச் சக்கரங்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். நல்ல மழை. வாசலில் கார் இல்லை. கதவைத் தட்டினால் மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார். மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. கூட வேலை செய்கிறவளின் பிள்ளைக்குக் காய்ச்சலாம், காலை டியூட்டிக்கு இவளை வரச் சொன்னார்களாம். 'நல்லா தூங்குறீங்க, எழுப்பல' என்று எழுதியிருந்தாள். அசந்து தூங்குகிறவரை எழுப்ப அவளுக்கு மனசு வராது. அவளுக்குத் தூக்கத்தின் அருமை தெரியும்.

நான் போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க மச்சான். போன் அடிச்சா பதறி கால எடுப்பா. வளைவுல இருந்தாள்னா அவ்வளவுதான்."

ஸ்கூட்டரில் துரத்தலாமா என்றேன். பாலத்துக்கு இறங்குகிற வளைவை இந்நேரம் தாண்டியிருப்பாள், தாண்டியிருந்தால் போய் என்ன பிரயோஜனம், தாண்டாவிட்டாலும் போய் என்ன பிரயோஜனம் என்றார். மழை நனைக்கிறது என்பதுகூடத் தெரியாமல் வாசல் படியில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் விளையாட்டுக் காட்டுகிற மனுஷன், பெண்டாட்டி சாதாரணமாக வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நடுங்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என்மேல் வர வேண்டிய கோபம்தான் அது.

ஏழே முக்காலுக்கு வார்டுக்கு போன் செய்தார். சிஸ்டர் இப்பத்தான் வந்தாங்க, உடை மாத்துறாங்க என்று யாரோ சொன்னார்கள். கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவளைப் பார்க்க இல்லை. மழையில் கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி வைத்து, திருடர்கள் மாதிரி சக்கரங்களை மாற்றினோம். காவலாளி வந்து என்ன என்றார். பஞ்சர் என்றேன். பின்பக்க பம்பரில் புல் சிக்கியிருந்தது. ஓரத்தில் ஒரு கீறல். மாப்பிள்ளை அந்தப் புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"சொல்லாதீங்க மாப்ள. தப்பிச்சாச்சு. இனிமே இதக் கிளறி என்ன ஆகப் போகுது?" என்றேன்.

அவர் மொட்டை டயர்களை ஸ்கூட்டரில் கட்டத் தொடங்கினார்.

சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. வேலையை விடப் போகிறேன் என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். பாலத்து வளைவில் மெதுவாகத்தான் இறங்கியிருக்கிறாள். அடுத்த நிமிஷம் கார் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றதாம், பின்பக்கம் புல்லில் ஏறி. என்ன செய்தோம் என்று அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. எதிரே வந்த லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து, தூங்கிட்டியாம்மா என்று கேட்டிருக்கிறார்.

"தூங்கித்தான் இருக்கேன் அண்ணா. எனக்கே தெரியல பாரு. கண்ணத் தெறந்துக்கிட்டே தூங்கியிருக்கேன்."

அன்றைக்கு ஒரு ஊசிகூட அவள் தனியாகப் போடவில்லையாம். ஒவ்வொரு மருந்தையும் அளந்து, பக்கத்தில் இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, சரியா பாரு, சரியா பாரு என்று காட்டியிருக்கிறாள். மூன்றாம் கட்டில் குழந்தையைத் தூக்கச் சொன்னபோது தூக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். பதினெட்டு வருஷ வேலை. கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தாள், காலையில் கொடுப்பதாக.

நான் தரையைப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் நானும் மாப்பிள்ளையும் தப்பித்துவிடலாம். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது, மறைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் அந்த நினைப்பிலேயே இருந்தேன். மாப்பிள்ளை அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ தூங்கல. பின்னாடி ரெண்டும் மொட்ட டயரு. நேத்து மாத்தல. வளைவுல நீ கால எடுத்திருப்ப, எல்லாரும் எடுக்கறதுதான். அதுக்கு வண்டி சுத்தணும்னுதான் நான் அப்படி வெச்சிருக்கேன்."

"நான்தான் நாளைக்கு மாத்திக்கலாம்னு அனுப்பினேன்" என்றேன் நான்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கத்துவாள், கையில் இருப்பதைத் தூக்கி அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"அப்போ நான் தூங்கலயா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மாப்பிள்ளை அவள் பாதத்தைத் தொடப் போனார், அவள் காலை இழுத்துக்கொண்டாள். அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் வார்டுக்கு போன் செய்வது கேட்டது. மூன்றாம் கட்டில் குழந்தை பால் குடித்ததா என்று விசாரித்தாள். நாளைக்கு நான் வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று சொன்னாள்.