பின்னால் போக இடமில்லாத அறை

கல்முனைக் கடற்கரையில் கேமராவில் போட்டுப் பார்த்தபோது தூரத்துத் தோணியைக்கூடக் கிட்டக் காட்டியது என்றுதான் அந்தப் பெரிய ஸூம் லென்ஸை வாங்கினேன்.

தங்கச்சியின் கல்யாணத்தில், பெண்கள் இருக்கும் அறைக்குள் படம் எடுக்கும் வேலை என்னுடையது. சின்ன அறை, மங்கல் வெளிச்சம். சுவரோடு ஒட்டி நின்றும் தங்கச்சியின் முகம் மட்டுமே அடங்கியது.

“இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ புள்ள, நானும் வரணும்” என்றார் உம்மா.

“எங்க உம்மா போற? வெளியில முழுக்க ஆம்புளயள்.”

வெளிச்சம் போதாமல் பாதிப் படங்கள் கலங்கல்.

பிறகு அதே சுவரோடு நின்று போட்டுப் பார்த்துத்தான், மங்கலிலும் அறை முழுக்க அடங்கும் சின்ன லென்ஸ் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்குள் இப்போது அதுதான்.

உம்மாவோ கல்யாண அல்பத்தைத் திறந்து, தங்கச்சியின் முக்காட்டைச் சரிசெய்யும் ஒரு கையைக் காட்டி, “இது நான்தான்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.