செல்ஃப் எடுக்காத காலை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எது கெட்டுப்போனாலும் நான்தான் கெடுத்தேன் என்று பயந்துகொள்வேன். அன்றைக்கு டிராக்டர் செல்ஃப் எடுக்காதபோதும் அப்படித்தான் பயந்தேன்.

அது மகளிர் குழுவின் சின்ன டிராக்டர். மலையில் ஐந்தாறு ஊருக்கு அது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு நாள் முறை. நல்ல மழை பெய்த மறுநாள் எங்கள் முறை வந்தது. அடுத்த நாள் விடிந்தால் பக்கத்து ஊர்ப் பெண்கள் ஓட்டிப் போய்விடுவார்கள். அதற்குள் சாமை நிலத்தை அம்மா உழுதாக வேண்டும். உழாவிட்டால் பெரியப்பா மாடு பூட்டி உழுது, அந்த வருஷம் நிலத்தை விளைச்சலில் பாதிப் பங்கு வாரத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அப்பா கேரளத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய டயர் செருப்பு மட்டும் வாசலில் இருந்தது. வீட்டில் ஆம்பிளை இருக்கிற மாதிரி அம்மா அதை அடிக்கடி துடைத்து வைப்பாள்.

எங்களுக்கு முந்தின முறைக்காரர்கள் வண்டியை முதல் நாள் மாலையே நிலத்தோரம் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது நான் ஏறி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்திருந்தேன். காலையில் அம்மா சாவியைத் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினாள். நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அம்மா முதலில் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பளிச்சென்று எரிந்தது. பேட்டரி இறங்கவில்லை, நான் தப்பித்தேன். அடுத்து பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் புளித் தண்ணீரால் தேய்த்தாள், பித்தளைக் குடம் விளக்குவது போல. துடைத்து, காயவிட்டு, முடுக்கினாள். அப்போதும் இல்லை.

பெரியப்பா மாடுகளோடு வரப்பில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, குளிப்பாட்டினா கெளம்பிடுமா? ஏர் பூட்டட்டா?"

"பொழுது சாயற வரைக்கும் என் முறை மாமா. மாட்டை நெழல்ல கட்டுங்க."

பாறை மேல் ஏறினால்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். அம்மா ஏறி, கலசப்பாக்கத்து மெக்கானிக்கிடம் பேசினாள். நாளை மறுநாள் வருவதாக அவர் சொன்னாராம். டிக்கென்று சத்தம்கூட வராவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டாம், சாவியிலிருந்து போகிற சின்ன ஒயரைப் பாருங்கள் என்று சொன்னதும் லைன் அறுந்துவிட்டது.

அம்மா சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் படுத்தாள். சின்ன ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். ஒரு ஒயர் கிளட்ச் பெடலுக்குப் பின்னால் பட்டன் மாதிரி ஒன்றில் போய் முடிந்தது. பெடல் முழுக்க இறங்கினால்தான் அந்தப் பட்டன் அமுங்கும். வெளியே வந்து கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"பாப்பா, ஏறி சாவியத் திருப்பு."

"வெடிச்சிடுமாம்மா?"

"நான் பக்கத்துலதான நிக்கறேன். திருப்பு."

அம்மா விரலால் பட்டனை அழுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். வண்டி உறுமியது. பெரியப்பாவின் மாடுகள் மிரண்டு விலகின.

உழும்போது நடுவில் அணைந்தால் தானே எடுக்க முடியுமா என்று பார்க்க, அம்மா ஏறி உட்கார்ந்து, வண்டியை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்துத் திருப்பினாள். மறுபடி ஊமை. குனிந்து பார்த்தாள். அவள் கால் எட்டிய மட்டும் மிதித்தும் பெடல் பட்டனைத் தொட அரை விரல் குறைந்தது. அம்மா குள்ளம். பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பழகியபோது அப்பாவின் டயர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டாள். இன்று முதல் உழவு. முதல் உழவன்று எங்கள் மலையில் யாரும் செருப்புக் காலோடு நிலத்தில் இறங்குவதில்லை.

அம்மா பெடலுக்கும் பட்டனுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தாள்.

"ஓடிப்போய் உங்கப்பன் செருப்புல ஒண்ணு எடுத்தா. அருவாளும்."

எடுத்து வந்தேன். போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன். அம்மா வாரை அறுத்து எறிந்தாள். டயர் அடிப்பாகத்தைப் பெடல் மேல் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

"அப்பா வந்தா இன்னாத்தப் போட்டுக்கும்?"

"வந்தா பாத்துக்கலாம். வெதைக்கூடைய எடுத்தா."

வெறுங்காலை அதன்மேல் வைத்து மிதித்தாள். செல்ஃப் எடுத்தது. பெரியப்பா மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் உழுது, விதைத்தும் முடித்தோம்.

மறுநாள் பக்கத்து ஊர்ப் பெண்கள் வண்டியெடுக்க வந்தபோது, செருப்பை அவிழ்த்துத் தரும்படி அம்மாவிடம் கெஞ்சினேன். அவர்களும் வெறுங்காலில்தான் உழுவார்கள், இருக்கட்டும் என்றாள். வண்டி ஊர் ஊராகச் சுற்றி எப்படியும் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைத் துடைத்து வாசலில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த முறை வண்டி வந்தபோது பெடலில் செருப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்குள் அம்மா வாசலில் இருந்ததை அறுத்து, ஆட்டுப்பட்டிக் கதவுக்குக் கீலாக அடித்துவிட்டிருந்தாள். அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அந்த வருஷம் முழுக்க நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன்.