ஆர்.சி. புத்தகத்தில் நாலு தப்பு

எங்கள் வீட்டு ஜீப் கொஞ்ச காலம் டிராக்டராக இருந்தது. நான் சொல்லவில்லை, சர்க்கார் சொன்னது. சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுச் சொன்னது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், சாயங்காலம் ஒரு பழைய ஜீப்பை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு மந்தைவெளிக்கு வந்து சேர்ந்தார். மேடு, பள்ளம், சேறு, மணல், எதிலும் போகுமாம். என் காதில் விழுந்தது மணல் மட்டும்தான். லீவு முடிவதற்குள் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஒரு ரவுண்டு கூட்டிப்போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

அம்மா ஒரே போடாகப் போட்டாள். "புக்கு சரியா வர்ற வரைக்கும் வண்டி தெருமுனையைத் தாண்டக் கூடாது. போலீஸ்காரன் புடிச்சா யாரு போய் நிக்கறது?"

ஆர்.சி. புத்தகத்துக்கான ஃபாரத்தை நிரப்பியது நான். மாமாவின் இங்கிலீஷ் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நான் கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்ததும் நான்தான். வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் எழும்பி வரும். அந்த இடுக்கில் மாமாவின் கை நுழையாது.

புத்தகம் வந்தது. வண்டியின் வகை: டிராக்டர்.

"கிழிகிழின்னு கிழிச்சுட்டு வரேன்" என்று மாமா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். கவுன்ட்டரில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு மேடம் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! பக்கத்து ஃபைல் டிராக்டர் சார், அதைப் பாத்து எழுதிட்டேன். உங்களை ஏர் உழ அனுப்பப் பாத்தேனே!"

கிழிக்க வந்த மாமா சிரித்தார். "பரவாயில்லீங்க, யாருக்கும் வர்றதுதானே" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

திருத்தி வந்த புத்தகத்தில் பெட்ரோல் வண்டி டீசல் வண்டியாகியிருந்தது. அதைத் திருத்தினால், தார்ப்பாய் போட்ட ஜீப்புக்கு 'மூடிய பாடி' என்று வந்தது. நாலாவது தடவை, உட்காரும் இடம் நாற்பத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் புது ஃபாரம், புது பென்சில் பிரின்ட். என் நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போனது. தெருப் பசங்கள் என்னைக் கண்டாலே "நாப்பத்தெட்டு சீட்டு, ரைட் ரைட்!" என்று கத்தினார்கள்.

மாமாவுக்கோ சூடு சொரணையே இல்லை. ஆபீசுக்குப் போகும் நாளில் வழவழவென்று ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையும் பவுடருமாகக் கிளம்புவார். கேட்டால், "கவர்மென்ட் ஆபீஸ் பாப்பா, ஒரு மரியாதை வேணாமா?" என்பார். அங்கே போனால் இரண்டு பேரும் அரைமணி நேரம் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவார்கள். கார்புரேட்டரைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்குப் பெட்ரோல் என்று ஒழுங்காக எழுதத் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லீவு முடியப் பத்து நாள்தான் இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, மயிலாப்பூர் குளத்துப் பக்கம் இருந்த ஜாப் டைப்பிங் கடைக்குப் போனேன். "மேடம் தப்புத் தப்பா எழுதறாங்க, கொஞ்சம் பாத்து எழுதச் சொல்லுங்க" என்பதுதான் நான் சொன்னது. டைப் அடித்தவருக்கு அது போதவில்லை. 'வேண்டுமென்றே தொடர்ந்து தவறிழைத்துவரும் மேற்படி ஊழியர்மீது கடும் நடவடிக்கை எடுக்குமாறு' என்று தட்டி, நாலு தப்பையும் வரிசையாகப் போட்டு, கீழே 'ஒரு பொதுஜனம்' என்று முடித்தார். வண்டி நம்பரை மறக்காமல் சேர்த்தார். பெருமை தாங்காமல் நானே தபால் பெட்டியில் போட்டேன்.

நாலாம் நாள் மாமாவை வரச்சொல்லி ஆள் வந்தது. நானும் போனேன். அதிகாரி மேஜைக்குப் பக்கத்தில் மேடம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

அதிகாரி கடிதத்தைப் படித்துக் காட்டினார். "ஒரே வண்டிக்கு நாலு தப்பு. வேணும்னே பண்ணியிருக்காங்கன்னு எழுதியிருக்கு. இது நிஜம்னா இந்தம்மா வேலை போயிடும், தெரியுமா?"

மாமா கடிதத்தைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பெருமையில் நெளிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"தப்பு என்னுது சார். ஃபாரத்துல நான்தான் ஒவ்வொரு தடவையும் தப்பா எழுதிக் கொடுத்தேன். அவங்க அதைப் பாத்து எழுதினாங்க. கோவத்துல பெட்டிஷன் போட்டதும் நான்தான்."

பொய்! ஃபாரம் எழுதியது நான். அதில் ஒரு புள்ளிகூடப் பிசகாது. வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"இன்னா சார் நீங்க, ஒரு பொம்பள வேலைக்கு உலை வெக்கப் பாத்தீங்களே!" என்று அதிகாரி கத்தினார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மேடத்தின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். அங்கேயே சிவப்பு மையால் திருத்தினாள், அதிகாரி கையெழுத்துப் போட்டார். புத்தகம் சுத்தமாக வந்துவிட்டது.

மாமாவோடு டூ விட்டேன். என் கையெழுத்தைப் போய் சபையில் மட்டம் தட்டிவிட்டாரே என்று ராத்திரி தலையணை நனைய அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிளம்பியது. அடையாறு பஸ் ஸ்டாப்பில் மாமா பிரேக் போட்டார். அங்கே மேடம்! மல்லிப்பூ வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மணலில் சக்கரம் இறங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாரம் எழுதினது நீதானே? ஒரு தப்புகூட இல்லம்மா. எனக்குத் தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன். ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

"அப்போ நீங்க ஏன் தப்புத் தப்பா எழுதினீங்க?"

மேடம் மாமாவைப் பார்த்தாள். மாமா கடலைப் பார்த்தார். இத்தனை சுலபமான கேள்விக்குப் பதில் தெரியாதவர்களுக்கெல்லாம் எப்படித்தான் கவர்மென்ட் வேலை கொடுக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.