இடது கால் கொலுசு

கொரோனா இரண்டாவது தடவை வந்து எல்லோரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டிய சித்திரை மாதம் அது. பௌர்ணமிக்குக்கூட மலையைச் சுற்ற ஆளில்லை. அப்போதுதான் எனக்கும் காய்ச்சல் கண்டு, மூச்சு வாங்கி, திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

படுத்திருந்தாலும் என் நினைப்பெல்லாம் வீட்டில் நிறைசினையாக நின்ற மாட்டின் மேல்தான். என்னைத் தவிர யார் கிட்டே போனாலும் உதைக்கும். என் வீட்டுக்காரரை இரண்டு தடவை உதைத்திருக்கிறது. அவர் மேலும் தப்பு உண்டு, அதை விடுங்கள். அது கன்று போடுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நாள், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஒரு நர்ஸ் பெண் வந்தாள். வயிற்றில் ஊசி போடப் போனாள். நான் பதறி எழுந்துவிட்டேன். எங்கள் காலத்தில் வயிற்றில் ஊசி என்றால் ஒன்றே ஒன்றுக்குத்தான். என் தம்பிக்குச் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றிப் போட்டார்கள். அவன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"என்ன எந்த நாயும் கடிக்கலம்மா! ஆள் மாறி வந்துட்டியா?"

"ஐயோ ஆயா, இது நாய்க்கடி ஊசி இல்ல. இந்த நோய்ல ரத்தம் உள்ளேயே கெட்டியாயிடும். அப்படி ஆவாம இருக்கத்தான் போடறோம்."

"பாலு தயிராவுமே, அந்த மாதிரியா?"

"அப்படின்னுதான் வெச்சுக்கோயேன். ஊசி மட்டும் போதாது ஆயா. படுத்தே கெடக்காம கால ஆட்டணும், கட்டிலச் சுத்திக் கொஞ்சம் நடக்கணும்."

ஊசிக்கு ஒத்துக்கொண்டேன். நடக்கத்தான் மனசு வரவில்லை. ஐம்பது வருஷமாக விடியுமுன் எழுந்து சாணி அள்ளியவள் நான். இட்லியும் முட்டையும் கட்டிலுக்கே வரும்போது எதற்கு எழுந்திருப்பது? மகாராணி மாதிரி படுத்துக் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு 'ம்' சொல்வாள். மணிலாக் கடலை விளைச்சல் எப்படி என்று கேட்டேன், அதற்கும் 'ம்'. உம்மணாமூஞ்சி என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். ஆனால் அவள் கண் மட்டும் எப்போதும் என் கால் மேல்தான். என் பேத்தி முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட வெள்ளிக் கொலுசு. ஆஸ்பத்திரியில் சேரும்போது தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றிக் கொடுத்தேன், அதை மட்டும் கழற்றவில்லை. இவளுக்குப் பொறாமை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஒரு வாரத்தில் மூச்சு சரியாகி ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போலாம்" என்றார் டாக்டர். மாடும் அதுவரை பொறுத்துக்கொள்ளும் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் மத்தியானம் இடது கெண்டைக்காலில் ஒரு வலி. தொட்டால் சூடாக இருந்தது. அந்தக் கால் கொலுசு சதையைக் கடித்துக்கொண்டு நின்றது. வலது கால் கொலுசு எப்போதும் போல லொடலொட என்று கிடந்தது. சொன்னால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களே! போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சார், ஜோரா இருக்கேன்" என்றேன்.

உம்மணாமூஞ்சி எழுந்து உட்கார்ந்தாள். "சார், அந்தம்மா பொய் சொல்லுது. போர்வைய எடுத்துப் பாருங்க. ஒரு கால் வீங்கிப் போயிருக்குது."

"உனக்கு இன்னாடி வந்துது? என் காலு, என் கொலுசு!" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். உடனே தள்ளிக்கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். கால் நரம்பில் ரத்தம் கட்டியிருந்தது. மூஞ்சியில் மறுபடி மாஸ்க். "இது நெஞ்சுக்குப் போயிருந்தா வீட்டுக்குப் போற வழியிலேயே..." என்றார் டாக்டர். இடது கால் கொலுசைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாவைக் கேட்டேன், "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அன்றுதான் அவள் என்னிடம் முதல்முதலாக வாய் திறந்து பேசினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் காலுதான்க்கா மொதல்ல வீங்கிச்சு. கொசு கடிச்சிருக்கும்னு தேங்கா எண்ணெய் தேய்ச்சு வுட்டேன். மறுநாள் அவரு இல்ல. இங்க வந்ததுலேர்ந்து எல்லார் காலையும்தான் பாத்துகினு இருக்கேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு ஊசிக்குச் சண்டை போட்டவளுக்கு அப்புறம் தினம் இரண்டு ஊசி, அதுவும் வயிற்றில்தான். நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, "எழுந்திரு அக்கா, மகாராணி" என்று அவள் விரட்டுவாள். இருவரும் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவோம். ஜன்னலில் மலை தெரியும். அசையாமல் வைத்த பால்தான் உறையும். இத்தனை வருஷம் தயிர் தோய்த்த எனக்கு அது தெரியாதா? என் கால் என்றபோது மட்டும் மறந்துவிட்டது.

மாடா? நான் இல்லாமலேயே கிடாரிக் கன்று போட்டுவிட்டது. என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். மூன்றாவது உதையும் வாங்கினார்.

இப்போது இரண்டு கொலுசும் என் காலில்தான். தினமும் காலையில் கண் விழித்ததும் இறுகவில்லையே என்று இரண்டிலும் ஒரு விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் தரையில் கால் வைக்கிறேன். அவள் தன் ஊருக்குப் போய்விட்டாலும், பொறாமை என்று நான் நினைத்த அந்தப் பார்வை இன்னும் என் கால் மேல் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தைரியம்.