சீனுவின் பொங்கல்

என் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்தருகே நானும், கப்பல் ஊதினால் கூடவே ஊளையிடும் சீனு என்ற குட்டை நாயும்தான். போன தைப்பொங்கலுக்கும் பழக்கத்தில் பெரிய பானையையே அடுப்பில் ஏற்றினேன். பொங்கலில் போடும் முந்திரிகை வற்றலுக்கு, அதாவது உலர்ந்த திராட்சைக்கு, பிள்ளைகள் ஒரு காலத்தில் சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடிக்க ஆளில்லாததால் அத்தனையையும் பொறுக்கிச் சீனுவின் தட்டில் வைத்தேன்.

மறுநாள் முழுக்கச் சீனு சத்தி எடுத்தது; தின்றதெல்லாம் வெளியே வந்தது. அதற்கடுத்த நாள் சிறுநீரும் போகவில்லை. ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்னம்மா சாப்பிடக் குடுத்தனீங்கள்?" என்று மிருக வைத்தியர் கேட்டார்.

"பொங்கல் ஐயா. முந்திரிகை வத்தல் கனக்க வைச்சனான்."

"அது நாய்க்கு நஞ்சு அம்மா. சிறுநீரகத்தைப் பழுதாக்கிப்போடும். இனிக் காப்பாத்த ஏலாது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

சீனு செத்ததைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. இந்த வருடம் சின்னச் சட்டியில், வற்றல் போடாமல் பொங்கினேன். வீடியோவில் பார்த்த மகள், "எங்கையம்மா வத்தலைக் காணேல்லை?" என்றாள்.

"குடுக்க ஆரும் இல்லை, பிள்ளை."

தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவள் அழுதாள். நான் திருத்தவில்லை.